கைகட்டி சார் சொன்ன படிப்பு

பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அந்த வேலைக்கு வேதியியல் பட்டத்தோடு போய் நின்றவர் என் அண்ணி. நேர்காணலில் இருந்த ஒருவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு படித்துவிட்டு பாட்டில் கழுவ வருகிறீர்களே என்று கேட்டாராம். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்து கழுவினால் நல்லதுதானே என்று அண்ணி சொன்னாராம். வேலை கிடைத்துவிட்டது.

அண்ணிக்கு அப்போது அது போதுமானதாகத்தான் இருந்தது. மகள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள், மாலையில் சேர்ந்து வருவார்கள். பள்ளி வாசலுக்கு எதிர்வரிசையில் என் கடை. ஜெராக்ஸ், ஸ்கேன், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிறேன். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய உண்மையான வயது எனக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. மதியம் மணி அடித்தால் அண்ணி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். உடையில் லேசாக அமில வாடை அடிக்கும். இருவரும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவோம். அண்ணனைப் பற்றிய குறைகளை நாங்கள் பரிமாறிக்கொண்டதும் அங்கேதான்.

அந்த ஆய்வகத்துக்கு ஒரு வேதியியல் ஆசிரியர் இருந்தார். ஐம்பது தாண்டியவர். எப்போதும் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டுதான் நிற்பார். பாடம் நடத்தும்போதும் அப்படித்தான், வராந்தாவில் நடக்கும்போதும் அப்படித்தான். பிள்ளைகள் அவருக்குக் கைகட்டி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருடைய மிடுக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சாலையைக் கடந்து கடைக்கு வந்து, கையைப் பிரிக்காமலே, தாள் சட்டைப் பையில் இருக்கிறது எடுத்துக்கொள் என்று சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான்.

அண்ணி வேலையில் சேர்ந்த முதல் வருடமே அந்தக் கைக்கட்டின் காரணத்தைத் தெரிந்துகொண்டார். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை. பிப்பெட்டில் கரைசலை உறிஞ்சி, கோட்டுக்குச் சரியாக நிறுத்திக் காட்ட வேண்டும். அவர் எடுத்தபோது கரைசல் கோட்டுக்கு மேலே ஏறியது, கீழே இறங்கியது, மறுபடி ஏறியது. விரல்கள் நிற்கவில்லை. பின்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குத் தெரிவதற்கு முன்னால் அண்ணி பக்கத்தில் போய்ப் பிப்பெட்டை வாங்கிக்கொண்டார். நீ எடுத்துக் காட்டும்மா, நான் விளக்கம் சொல்கிறேன் என்று அவர் வகுப்புக்குக் கேட்கும்படி சொன்னார். வகுப்பு முடிந்ததும் குழாயடியில் வந்து நின்று, தணிந்த குரலில், இது யாருக்கும் தெரிய வேண்டாம், தெரிந்தால் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். அண்ணி சரி என்றார்.

அந்தச் சரி ஆறு வருடம் நீடித்தது. பிப்பெட் பிடிப்பதும் பியூரெட்டை நிரப்புவதும் அண்ணியின் வேலையாயின. பிறகு கரும்பலகையில் சமன்பாடு எழுதுவது. பிறகு பிள்ளைகளின் பதிவேடுகளில் மதிப்பெண் போடுவது. அவர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுவார். என்னிடம்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள் நான்.

ஒருநாள் மதியம் கடைக்கு வந்தவர் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். வகுப்பில் ஒரு பெண் சந்தேகம் கேட்டாளாம். காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்தில் விடும்போது ரோஜா நிறம் வந்து வந்து மறைகிறதே, கடைசியில் மட்டும் ஏன் நிற்கிறது என்று. சார் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே அமிலம் இருக்கிற வரைக்கும் விழுகிற காரத்தை அது தின்றுவிடும், தின்ன ஆள் தீர்ந்த பிறகு விழுகிற சொட்டுதான் நிறமாக நிற்கும் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் குடுவையைக் கையில் வாங்கி, லேசாகச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "அட, அவ்வளவுதானா லேப் அக்கா" என்றாளாம்.

"நான் டீச்சராகணும்" என்றார் அண்ணி. "சின்ன வகுப்புக்கு இல்ல. ஒன்பதாவதுக்கு மேல. இந்த லேப்ல வந்து நிக்கிற பிள்ளைங்களுக்கு."

அன்றைக்கே தேட ஆரம்பித்தோம். ஆசிரியர் பட்டத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் கல்லூரியில் இரண்டு வருட முழுநேரப் படிப்பு. பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டாவது வருடத்தில் நான்கு மாதம் ஒரு பள்ளிக்கு அனுப்பி, உயர்நிலை வகுப்புகளில் பாடம் நடத்த வைப்பார்கள். வேலையை விட வேண்டும். சேரும்போது முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. அண்ணிக்கு அப்போது முப்பத்துநான்கு வயது எட்டு மாதம். இன்னொன்று வார இறுதிப் படிப்பு. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில். அதுவும் இரண்டு வருடம்தான். வேலையை விட வேண்டியதில்லை. வயது வரம்பும் இல்லை.

இரண்டின் கையேட்டையும் என் மெஷினிலேயே அச்சடித்துக் கொடுத்தேன்; வார இறுதிப் படிப்புக்குப் போன வருடத்துக் கையேடுதான் கிடைத்தது. ஒரு வாரம் அவை கடை மேசையில் கிடந்தன. அண்ணன் உன் இஷ்டம் என்று சொன்னான். முகம் மட்டும் வார இறுதிப் படிப்பின் பக்கம் இருந்தது. எனக்கு என்னவோ கல்லூரிதான் சரி என்று பட்டது. அதன் கையேட்டில் படங்கள் நன்றாக இருந்தன என்பதைத் தவிர என்னிடம் காரணம் எதுவும் இல்லை. அண்ணியின் மனமும் கல்லூரியிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் போய் நின்று நடத்திப் பார்க்காமல் என்ன படிப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை ராஜினாமா கடிதம் எழுதி, அதை முதலில் கைகட்டி சாரிடம் காட்டப் போனார். தலைமை ஆசிரியைக்குப் போவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும் என்பது அண்ணியின் மரியாதை. தவிர, அந்தப் பள்ளியில் படிப்பைப் பற்றிக் கேட்க அண்ணிக்கு அவரைவிட்டால் ஆளும் இல்லை.

அவர் அன்றைக்குக் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். திங்கட்கிழமை அவராகவே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்.

"ரெண்டு படிப்புக்கும் சர்டிபிகேட் ஒண்ணுதாம்மா. அதுக்குப் போய் எதுக்கு வேலைய விடணும்? இங்கேயே இருந்து படி. முடிச்சதும் உன்னைப் பத்தி ஹெச்எம்கிட்ட நானே பேசுறேன்."

முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவர் சொல்கிறார். அண்ணி அன்று மதியம் கடைக்கு வந்து, கல்லூரிக் கையேட்டை மடித்து என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, "வார இறுதியே போதும். ஃபார்ம் போட்டுடு" என்றார்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். பெயர், பட்டம், முகவரி எல்லாம் தட்டிக்கொண்டே வந்தபோது ஒரு கட்டத்தில் நின்றேன். தகுதி நிலை என்று ஒரு கட்டம். அதில் நடுநிலை வகுப்புகள் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது, சாம்பல் நிறத்தில். மாற்றப் பார்த்தேன், மாறவில்லை. இது என்ன என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி கையோடு சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அது சாஃப்ட்வேர்ல அப்படித்தாம்மா வரும். எல்லாருக்கும் அதேதான். ஒண்ணும் ஆகாது, அமுக்கச் சொல்லு" என்றார் அவர்.

நான் அமுக்கினேன். அரசாங்க விண்ணப்பங்களில் இதைவிட அசட்டுத்தனமான கட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் இந்தத் தொழிலில் இருப்பவள் இன்னொரு முறை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டில் சனி ஞாயிறு என்ற ஒன்று இல்லை. அண்ணன் மகள் என் கடையில் இருப்பாள். லேமினேஷன் செய்யக் கற்றுக்கொண்டு, ஒருநாள் தன் தலைமுடியில் கொஞ்சத்தை லேமினேட் செய்து வைத்தாள். அண்ணன் துணி துவைக்கப் பழகினான். பள்ளிச் சீருடை இரண்டு நீலமாகிப் போனதோடு அந்தப் பழக்கம் தேறிவிட்டது. அண்ணி பாடத்திட்டக் குறிப்புகளைச் சமையல் மேடையில் வைத்து எழுதினார். வாரநாளில் லேப், வார இறுதியில் வகுப்பு. சாருடைய வேலையில் ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை. முப்பத்தைந்தாவது பிறந்தநாள் வந்துபோனது யாருக்கும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. முதல் வகுப்பில் தேறினார். சார் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்.

அந்த மாதமே பக்கத்து வட்டாரப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியர் இடம் காலியானது. விண்ணப்பித்தார். பதினைந்து நாளில் ஒரு வரியோடு திரும்பி வந்தது: இந்தப் படிப்பு எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க மட்டுமே தகுதியுடையது.

அண்ணி அந்தக் கடிதத்தை நேரே சாரிடம்தான் கொண்டுபோனார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, அடடா, விதியை நடுவில் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறதே என்று வருத்தப்பட்டாராம். விட வேண்டாம், மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லி, தானே வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, அண்ணி எழுதியிருக்கிறார். நான் சேர்ந்தபோது இந்த விதி இல்லை என்று அந்த மனுவில் ஒரு வரி இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவளும் நான். நல்ல மனிதர், இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று அன்றைக்கு அண்ணியிடம் சொன்னேன்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. அதற்குள் பள்ளி அலுவலக அறையில் தண்ணீர் ஒழுகி, பழைய சுற்றறிக்கைப் பதிவேடுகள் நனைந்துவிட்டன. எழுத்து அழிவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தரும்படி அலுவலக உதவியாளர் நான்கு கட்டுகளைக் கொண்டுவந்து என் கடையில் இறக்கினார். சுற்றறிக்கை என்றால், மேலிடத்திலிருந்து வரும் தாள். அது வகுப்பு வகுப்பாகப் போகும், ஒவ்வொரு ஆசிரியரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீருடை, தேர்வு அட்டவணை, குழாய்த் தண்ணீர் என்று வரிசையாக ஸ்கேன் செய்துகொண்டே வந்தேன். மூன்றாவது கட்டில் ஒரு தாள். வார இறுதி ஆசிரியர் படிப்பு இனி எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் செல்லும். உயர்நிலை வகுப்புகளுக்கு ஆசிரியராக விரும்பும் பணியாளர்கள் முழுநேரப் படிப்பில் மட்டுமே சேர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவிக்கவும். தேதியைப் பார்த்தேன். நான் அந்த விண்ணப்பத்தை அமுக்கிய நாளுக்குப் பதினோரு வாரம் முந்தையது. கீழே இருபத்திரண்டு கையெழுத்துகள். அதில் ஒன்று மட்டும், மையில் விழுந்த எறும்பு தாளில் ஏறி நடந்த மாதிரி கோணிக்கொண்டு கிடந்தது.

கடைக்கு வரும் தாளில் நான் எனக்கென்று ஒரு பிரதி எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தேன்.

மதியம் அண்ணி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து நீட்டினேன். மேலே இருந்ததை ஒரு முறை படித்தார். பிறகு விரலை வைத்துக் கையெழுத்துகளின் மேல் இறங்கிக்கொண்டே போனவர், அந்தக் கோணல் கையெழுத்தில் நிறுத்தினார்.

"இது சாரோடது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் ஆறு வருடமாகச் சொல்லாததைச் சொன்னார். பிப்பெட், குழாயடி, கரும்பலகை, மதிப்பெண், எல்லாம். அவர் தன் கையால் எழுதுவது கையெழுத்து ஒன்றுதான், அதனால் அது தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். இப்போதே போய் எல்லோர் முன்னாலும் கேட்போம் என்றேன். அண்ணி தாளை மடித்துக்கொண்டு, தான் போய்க் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். நான் அந்தக் கட்டத்தை அமுக்கினேனே அண்ணி என்று எனக்கு அழுகை வந்தது. "உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர்தான்" என்றார்.

அன்று மாலை ஆய்வகத்தில் பிள்ளைகள் போன பிறகு தாளை அவர் முன்னால் மேசையில் வைத்திருக்கிறார். நடந்ததை அண்ணி பிறகு எனக்குச் சொன்னார். நான்காவது முறையும் பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தாராம். அவர் சொல்லவில்லை. "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

"அத அன்னைக்கே என்கிட்ட கேட்டிருக்கலாமே சார். இருன்னு சொல்லியிருந்தா, இருந்திருப்பேனோ என்னவோ."

"கேட்டிருந்தா போயிருப்ப."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது, மகள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தாராம். அண்ணி அதைக் கேட்டு முடிக்கவில்லை.

"நாளைலேருந்து பாட்டில் கழுவுறேன், லேபிள் ஒட்டுறேன், மேசை துடைக்கிறேன். என் வேலை அதுதான் சார். பிப்பெட்டைத் தொட மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை. அண்ணி எல்லாவற்றையும் கழுவி அடுக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் லேப் அக்காவைப் பார்த்தார்கள், சாரைப் பார்த்தார்கள். அவர் கையைப் பிரித்துப் பிப்பெட்டை எடுத்தார். இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை அது தொட்டியின் விளிம்பில் பட்டு உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் வகுப்பை விட்டு இறங்கி நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போனார். அவராகவே போய்ச் சொன்னார் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். துண்டுகளைக் கூட்டி அள்ளியது அண்ணி. அதுவும் அவர் வேலையில் சேர்ந்ததுதான்.

தலைமை ஆசிரியை அண்ணியையும் கூப்பிட்டு விசாரித்தார். அண்ணி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். சுற்றறிக்கையின் பிரதியையும் காட்டினார். அந்த அம்மாள் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு வாரத்துக்குள் எல்லாம் மாறியது. கைகட்டி சாருக்கு வகுப்பறைப் பாடம் மட்டும். செய்முறை முழுவதும் புதிதாக வந்திருந்த இளைய ஆசிரியைக்கு. அலுவலகத்துக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் போனது. சுற்றறிக்கையை மறைத்ததற்கு அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார், கோப்பில் சேர்ந்தது. அவரை யாரும் வீட்டில் உட்கார வைக்கவில்லை. சம்பளத்திலும் குறைவில்லை. கையில் இப்படி ஒரு தொந்தரவு என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இந்த ஏற்பாட்டைச் செய்திருப்பேனே என்று தலைமை ஆசிரியை சொன்னாராம்.

அண்ணி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். விண்ணப்பம் திரும்பி வந்தபோது அழவில்லை, கையெழுத்தைப் பார்த்தபோதும் அழவில்லை. கடைக்கு வந்து மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"ஒரு வாரத்துல சரியாகிற விஷயம்" என்றார். "ஒரே வாரம். அதுக்கா?"

வெளியே இரண்டு பேர் அடையாள அட்டை ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

முழுநேரக் கல்லூரிக்கும் போய்ப் பார்த்தோம். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த எழுத்தர் பிறந்த தேதியைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், முப்பத்தேழு என்றார். தலைமை ஆசிரியை எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வயது வரம்பைத் தளர்த்தச் சொல்லி ஒரு மனு கொடுத்தோம். இந்த முறை வாசகத்தை அண்ணியே எழுதினார். நிராகரித்துவிட்டார்கள். திரும்பி வரும் பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அண்ணி நின்றுகொண்டே வந்தார்.

அடுத்த வருடம் வேறொரு பள்ளியில் ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியையாக வேலை கிடைத்தது. பெயருக்குப் பின்னால் டீச்சர் என்று வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கிறது. இலைகளையும் காந்தத்தையும் பற்றி அவர் சொல்வதைக் கேட்க அடுத்த வகுப்பிலிருந்து ஜன்னலில் தொங்குகிறார்களாம். அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேல்மாடி. ஆய்வகமும் அங்கேதான். ஒவ்வொரு வருடமும் தன் பிள்ளைகள் எட்டைத் தாண்டி மாடி ஏறுவதை அண்ணி கீழே நின்று பார்க்கிறார். அக்கம்பக்கத்தில் கேட்டால் அண்ணிக்கு நல்ல வேலை அமைந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

கைகட்டி சார் ஒரு முறை கடைக்கு வந்தார், ஓய்வுக்கான தாள்களோடு. இப்போது கையைக் கட்டிக்கொள்வதில்லை; கட்டினாலும் நடுக்கம் நிற்பதில்லை போலிருக்கிறது. தாள்களை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். உங்க அண்ணி எப்படி இருக்காங்க என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். நான் செய்தது தப்பு என்று அவரிடம் சொல்லிவிடு என்றார். நான் சொல்லவில்லை. ஒருவர் செய்தியை இன்னொருவருக்குக் கொண்டுபோகிற வேலை என் கடையில் கிடையாது. வீடு தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், வேண்டுமானால் அவரே போகலாம். இதுவரை போகவில்லை.

போன மாதம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அண்ணன் அந்தப் பழைய கதையை எடுத்தான். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "விடேன், ஏழாம் வகுப்பும் வகுப்புதானே" என்றான்.

"இல்ல" என்றார் அண்ணி. "நான் கேட்டது அது இல்ல."

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து, முன்னறையில் விளக்கைப் போட்டு, ஏழாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்தார்.